எதிர் பெட்டுக்கு நாலு பாட்டில்

"எதிர் பெட்டுக்கு நாலு பாட்டில் ஏத்திட்டீங்க. என் சம்சாரத்துக்கு ரெண்டுதான். ரெண்டு பேருக்கும் நேத்துதான் ஆபரேஷன், ரெண்டும் வயித்துலதான். அது எப்படி சிஸ்டர்?"

நர்ஸ் பதில் சொல்லவில்லை. மானிட்டரைப் பார்த்தாள். பாக்கெட்டிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

கேள்வி கேட்ட தண்ணி லாரிக்காரருக்குச் சுருக்கென்றது.

"பாத்தியா, கேள்வி கேட்டா எழுதி வெச்சுக்கறாங்க," என்றார் மனைவியிடம். "இருபது வருஷமா ஊருக்கே தண்ணி ஊத்தறவன் நான். எனக்கே தண்ணி காட்டறாங்க."

"சும்மா இருங்க. எனக்குத் தாகமா இருக்கு, அவ்வளவுதான்."

அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதென்று உத்தரவு. மேலே தொங்கிய பாட்டிலோ கஞ்சன் கை மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது.

எதிர் பெட்டைச் சுற்றி எப்போதும் நாலு பேர், பழக்கூடை, பளபளப்பான செருப்புகள். பெரிய இடம். விஷயம் அதுதான் என்று முடிவே கட்டிவிட்டார்.

மத்தியானம் நர்ஸ் வெளியே போன நேரம் பார்த்து, பாட்டில் குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தை முழுசாகத் திருகிவிட்டார். லாரி வால்வைத் திறந்து பழகிய கை. பாட்டில் மளமளவென்று இறங்கியது.

"இப்பதான் நியாயம்," என்றார்.

அரை மணி நேரத்தில் அவளுக்கு இருமல் வந்தது. அப்புறம் மூச்சு வாங்கியது. "ஏங்க, முடியல," என்று அவர் கையைப் பிடித்தவள், அதற்குமேல் பேச முடியாமல் திணறினாள்.

மானிட்டர் கத்தியதும் நர்ஸ் ஓடி வந்தாள். சக்கரத்தை மூடி, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, டாக்டரைக் கூப்பிட்டாள். ஊசி, ஆக்சிஜன் என்று என்னென்னவோ நடந்தது. மனைவியின் மூச்சு சீராவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இதை யாராவது தொட்டீங்களா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"நானா? நான் எதுக்குங்க தொடறேன்?"

அவள் நீல நோட்டை எடுத்தாள். இந்தத் தடவை நீளமாக எழுதினாள்.

மறுநாள் பெரிய டாக்டர் லாரிக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அந்த நோட்டு. வசமாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தபடி உட்கார்ந்தார்.

"இனிமே எதை ஆராய்ச்சி பண்ணணும்னு நாங்க ஒரு பட்டியல் போடறோம். நோயாளிங்களும் கூட இருக்கறவங்களும் கேக்கற கேள்வியையும் நர்ஸுங்களை எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். இன்னிக்குக் காலைல எல்லாத்தையும் படிச்சோம். உங்க கேள்விக்குத்தான் முதல் இடம்."

"என் கேள்வியா?"

"எதிர் பெட்டுக்கு நாலு, இவங்களுக்கு ஏன் ரெண்டுன்னு கேட்டீங்களே. அவருக்கு ரத்தம் நிறையப் போச்சு. உங்க சம்சாரத்துக்கு இதயம் பலவீனம், அதிகமா ஏத்தினா தண்ணி நுரையீரல்ல சேர்ந்துடும். அது வரைக்கும் தெரியும். ஆனா ஒவ்வொருத்தருக்கும் சரியா எவ்வளவுன்னு கேட்டா, எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல."

லாரிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"சார், நேத்து அந்தச் சக்கரத்தைத் திருகினது நான்தான். சிஸ்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன். என் சம்சாரத்தையே கொன்னிருப்பேன் சார்."

"அதுவும் இதுல இருக்கு," என்று டாக்டர் பக்கத்தைப் புரட்டி நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

'காலையில் அவர் கேட்டபோதே நான் நின்று பதில் சொல்லியிருந்தால், மத்தியானம் அவர் சக்கரத்தைத் தொட்டிருக்க மாட்டார். தவறு என்னுடையது.'