முகம் காட்டாத புது ஆள்

"டீச்சர், யாரு இந்த ஷஹ்பாஸ்?"

பெண்களுக்கு மட்டும் நடக்கும் ஆன்லைன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஓர் ஆண் பெயர்! அதுவும் கேமராவைப் போடாமல். திரையில் இருந்த அத்தனை பேரும் அவசரமாக முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

"வெளிய தள்ளுங்க டீச்சர்," என்றாள் முதலில் கேட்ட ரிஃப்கா.

நாகூரில் இருந்தபடி வகுப்பு எடுக்கும் தஹ்மீனாவுக்குக் கோபம் வந்தது. புதிதாக யார் சேர்ந்தாலும் வாய் நிறைய வரவேற்று, 'இங்க யாரும் வேத்தாள் இல்ல' என்று சொல்வதில் அவளுக்கு அலாதிப் பெருமை. அதற்காக இப்படியா?

"ஹலோ ஷஹ்பாஸ்! பொம்பளைங்க வகுப்புல உங்களுக்கு என்ன வேலை?"

"ஐயோ, நான் பொம்பளதாங்க. இது மகன் போன்."

"அப்ப கேமராவைப் போடுங்க."

"வேணாங்க டீச்சர். ஓரமா இருந்து கேட்டுக்கறேன். அடுத்த மாசம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறேன். நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிஞ்சாத்தான் அங்க பொழைக்க முடியும்."

"நம்பற மாதிரியா இருக்கு?" என்றாள் ரிஃப்கா.

தஹ்மீனா குரலைக் குழைத்துக்கொண்டாள். "இது உங்க வீடு மாதிரிங்க. வீட்டுக்குள்ள வந்துட்டு யாராச்சும் முகத்தை மறைப்பாங்களா? காட்டலேன்னா உங்களை நீக்கற மாதிரி ஆயிடும்."

பிறகு கேமரா வந்தது.

தஹ்மீனாவின் தெருவில் தினமும் இடியாப்பம் விற்கும் சைத்தூன் பீவி!

"அட, நீயா!" தஹ்மீனா வாய்விட்டுச் சிரித்தாள். "தினம் வீட்டுக்கு வர்றே, என்கிட்ட எதுக்கு இந்த ஒளிவு மறைவு?"

"விடுங்க டீச்சர்."

"சும்மா சொல்லு. எல்லாரும் கேக்கறாங்க பாரு."

சைத்தூன் பீவி தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "விருந்தாளிங்க இருக்கறப்ப கூடையைத் தூக்கிட்டு முன்வாசல்ல வந்து நிக்காதே, பாக்கறவங்க என்ன நெனப்பாங்கன்னு போன வாரம் சொன்னீங்களே..."

தஹ்மீனாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திரையில் ஒருவர்கூட அசையவில்லை. எந்த முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் அவள் தலை குனிந்துகொண்டாள்.

அதைப் பார்த்துப் பதறிப்போன சைத்தூன் பீவி, சமாதானம் சொல்வதுபோல் முடித்தாள்.

"இங்கயும் இத்தனை விருந்தாளிங்க இருக்காங்களே டீச்சர்... என்னால உங்களுக்கு ஒரு சங்கடம் வந்துடக் கூடாதுன்னுதான் முகத்தைக் காட்டல."