சாஸர் இல்லாத கப்

"சாமி, பழைய தோடு, பழைய கப்புன்னு அங்க வாயைத் தொறந்தீன்னா நான் எந்திரிச்சு வந்துருவேன்," என்று பெண் பார்க்கப் போகும் பஸ்ஸிலேயே மகன் ஹரிஹரனிடம் சொல்லிவிட்டாள் காமாட்சி. 'செத்தவங்க தோட்டைச் சேர்க்கற பையனுக்குப் பொண்ணு இல்லீங்க' என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

நாகலூரில் பெண் இலக்கியா காபி கொண்டு வந்தாள். எல்லோருக்கும் டம்ளர், ஹரிஹரனுக்கு மட்டும் பூப்போட்ட பீங்கான் கப். மடமடவென்று குடித்தவன், அத்தனை பேர் நடுவிலும் கப்பைக் கவிழ்த்து அடியைப் பார்த்தான்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுருங்கியது. "ஏனுங்க மாப்பிள்ளை, காபி புடிக்கலீங்களா?"

இதுவும் போச்சு. காமாட்சி களைப்போடு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அடியில இருந்த கம்பெனி முத்திரை அழிஞ்சு போச்சுங்க," என்றாள் இலக்கியா. "எஸ்டேட் பங்களா சாமானை ஏலம் விட்டப்ப எடுத்தது. இதோட சாஸர்தான் கெடைக்கல."

"அது எங்க ஊட்டுல இருக்குதுங்க!" என்றான் ஹரிஹரன்.

பெண்ணின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பழைய தோடு, கப்பு எதையும் இன்னிக்கு மட்டும் வெளிய எடுக்காதேன்னு நானும் இவகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்க."

காமாட்சி மறுபடி உட்கார்ந்தாள்.

"எனக்கு இன்னொரு காபி கொடுங்க, சம்பந்தி. டம்ளர்லயே."