போர்த்தாத துண்டு

"இந்தக் காலத்துல எவனும் சும்மா போறதில்லப்பு. ஒண்ணு, வாங்கிட்டுப் போறான். இல்ல, வாங்கப் போறான். நீ எதுலே?"

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கேட்டார் சங்கிலி. மோகன்குமார் டீயை ஊதினான். அவன் காலடியில் பெரிய பை ஒன்று இருந்தது. கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம்.

மூன்று வருடமாக இருவரும் சேர்ந்து 'வார்டு வம்பு' என்ற வலைப்பூவை நடத்தி வந்தார்கள். உள்ளூர் அரசியலைப் பிரித்து மேய்வதுதான் அதன் வேலை. சங்கிலிக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் ரோட்டோரத்தில் சாவி போடும் பெட்டிக்கடை வைத்திருந்ததால், எந்தக் கட்சிக்காரர் யார் வீட்டு வாசலில் நிற்கிறார் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் சொல்லுவார், மோகன்குமார் எழுதுவான்.

நேற்று திடீரென்று, "வம்பை மூடிட்டேண்ணே, ஊரை விட்டுப் போறேன்" என்று போனில் சொன்னான்.

"மச்சானோட மோட்டார் கடைக்கு ஆள் வேணுமாம்ணே. கூப்பிட்டாரு. அம்புட்டுத்தான்," என்றான் மோகன்குமார் இப்போது.

"மூணு வருசமா கூப்பிடாத மச்சான், ஊருணிக் கதை வரப்போற வாரமாப் பாத்துக் கூப்பிடுறாரோ?"

நானூறு வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஊருணியை மடக்கி, கவுன்சிலர் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கான பத்திர நகல்களை மோகன்குமார் ஆறு மாதம் அலைந்து வாங்கியிருந்தான். நாளை ஞாயிற்றுக்கிழமை வெளியாக வேண்டிய பதிவு அது.

"சரி, நகலையாவது குடு. நான் வேற ஆளை வச்சு எழுதிக்கிறேன்."

"கிழிச்சுட்டேண்ணே."

"கிழிச்சுட்டியா!" சங்கிலி டீ கிளாஸை டொக்கென்று வைத்தார். "ஏலே, நாம எழுதுனா பயப்படுறாய்ங்கடா. என் கடையவே எடுத்துக்க. ஆக்கிரமிப்புன்னு சிவப்புப் பெயிண்ட்டால பெருக்கல் குறி போட்டு, திங்கக்கிழமை இடிப்போம்னு சொல்லிட்டுப் போனாய்ங்க. வீட்டுக்காரிக்கு மாத்திரை, ஊசி எல்லாம் அந்தப் பெட்டியிலதான் ஓடுது. தூக்கமே இல்ல எனக்கு. இப்பப் பாரு, அவய்ங்களே வந்து குறியை அழிச்சுட்டுப் போயிட்டாய்ங்க. எதுக்கு? வம்புல போட்டுருவோம்னு பயம்! இந்த நேரத்துல எழுத மாட்டேங்கிறியே!"

"ஆமாண்ணே. பயந்துதான் போயிட்டாங்க," என்றான் மோகன்குமார் மெதுவாக.

சங்கிலி அவன் முகத்தையே பார்த்தார்.

"முந்தாநாள் மத்தியானம் கவுன்சிலர் கார்ல இருந்து இறங்குனியே. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

மோகன்குமார் தடுமாறினான். "அது... மழைக்கு ஏத்திக்கிட்டாருண்ணே."

"திண்டுக்கல்லுல எப்பலே மழை பேஞ்சுச்சு? பொய்யையாவது ஊருக்குத் தக்கன சொல்லு."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் இஷாக் சிரித்துவிட்டார்.

"என்ன குடுத்தாரு? அதையாவது சொல்லு. வேலையா? வீடா?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் குடுக்கலண்ணே."

"சத்தியம் வேறயா!"

சங்கிலி மஞ்சள் பையிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். "மேடையில போர்த்துற மாதிரி உனக்குப் போர்த்தி அனுப்பலாம்னு வாங்கியாந்தேன். உனக்கு இது ஒண்ணுதான் கேடு."

துண்டு மறுபடியும் பைக்குள் போனது. அவர் எழுந்தார்.

"பஸ் ஏறுற வரைக்கும் இருங்கண்ணே. செத்த நேரந்தான்."

"நீ பஸ்ல ஏறுறியோ, கார் வந்து ஏத்துதோ, எனக்கெதுக்கு?"

அவர் விறுவிறுவென்று ரோட்டைக் கடந்தார். மோகன்குமாரின் போன் அடித்தது. கவுன்சிலர்தான். சங்கிலி அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை காத்திருந்து எடுத்தான்.

"கெளம்பிட்டேங்க. வம்பை மூடியாச்சு, நகலும் உங்க கைக்கு வந்துருச்சு. நீங்க குடுத்த வாக்கு மாறக்கூடாது. அந்தப் பெரியவர் இருக்குற வரைக்கும் அவரு பெட்டிக்கடையை யாரும் தொடக்கூடாது. எதுக்காக விட்டீங்கன்னு அவருக்குத் தெரியவும் கூடாது."

எதிர்ப்பக்கம் நின்று திரும்பிப் பார்த்த சங்கிலி, "நான் இந்தப் பக்கம் வந்ததும் அந்தப் பக்கம் போன் வந்துருச்சு பாத்தியா!" என்று காறித் துப்பிவிட்டு, தன் கடையைத் திறக்க நடந்தார்.