இரண்டாவது பாட்டுக்கு முன்னால்

ஐந்தரைக்கு முனாப் எழுந்தான். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தான். முகம் கழுவினான். ஆலைக்குப் போட்டுப் போகும் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினான்.

அவன் அத்தா நூர் பாஷா, தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். திரும்பி வர இன்னும் கால்மணி நேரம் ஆகும்.

மனைவி வஹிதா இறந்து நாற்பத்தாறு நாள். இந்த வரிசை ஒரு நாளும் மாறவில்லை. தண்ணீர், முகம், சட்டை, பிறகு அலமாரியில் இருக்கும் டேப் ரிக்கார்டர். கேசட்டை முதலிலிருந்து ஓடவிடுவான். முதல் பாட்டு முடியும். இரண்டாவது பாட்டு ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவான்.

அந்த முதல் பாட்டு அவனுக்குப் பிடிக்காது. இரண்டாவதும் பிடிக்காது. பாட்டு விஷயத்தில் அவன் அத்தா கட்சி. அதை அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

அவள் இருந்தவரை வீட்டில் அந்தச் சண்டை நடக்காத நாள் கிடையாது.

“பாட்டுன்னா வார்த்த காதுல வுழணும்மா. இதுல ஒருத்தன் தகரத்தத் தட்டறான், ஒருத்தன் ஓடி வந்தவனாட்டம் மூச்சு வாங்கறான்” என்பார் அத்தா, தையல் மெஷினை மிதித்தபடி.

“உங்க பாட்டுல ஒரு வரி முடியறதுக்குள்ள எனக்குச் சோறே வெந்துடுதுங்க மாமா” என்பாள் அவள், சமையல்கட்டிலிருந்து.

டேப் ரிக்கார்டர் அவளுடையது. அவள் அண்ணன் சலாவுதீன் துபாயிலிருந்து வாங்கிவந்து தந்தது. புதுப் பாட்டு வந்தால் ரேடியோவுக்கு எதிரில் அதை வைத்துப் பதிவு செய்வாள். அப்போது வீட்டில் யாரும் பாத்திரத்தைக்கூட நகர்த்தக் கூடாது.

முதல் பாட்டுக்கும் இரண்டாவது பாட்டுக்கும் நடுவில் ஒருநாள் அத்தா இருமிவிட்டார்.

“மாமா, இருமாதீங்க. ரிக்கார்டு ஆவுது.”

“அந்தப் பாட்டுக்கு என் இருமலு தேவலம்மா.”

அதுவும் கேசட்டில் பதிந்துவிட்டது. பிறகு அவள் சிரிப்பாள். சிரித்து முடிப்பதற்குள் இரண்டாவது பாட்டின் டிரம் வந்து மூடிக்கொள்ளும்.

மொத்தம் பதினோரு விநாடி. வஹிதாவின் குரல் வேறு எதிலும் இல்லை. யாரும் தெரியாமல் மேலே பதிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் அவன் உடைத்துவைத்திருந்தான்.

அத்தாவிடம் அதைப் போட்டுக்காட்டியதில்லை. அவர் தாங்கமாட்டார் என்று நினைத்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், பாதிப் பாட்டிலேயே நிறுத்திவிடுவான்.

இன்று டேப் ரிக்கார்டரின் வாய் திறந்திருந்தது. உள்ளே கேசட் இல்லை.

அலமாரியில் தேடினான். தலையணைக்கு அடியில் தேடினான். அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பாதியாக வற்றியது.

அத்தா வந்தார். தொப்பியைக் கழற்றி மடித்துவைத்தார். ஜிப்பா பாக்கெட்டிலிருந்து கேசட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“அந்தத் தடதடப்பத் தெனம் போட்டுட்டு மோட்டுவளயப் பாத்துட்டு உக்காந்திருக்கியேடா. தெருமுன வரைக்கும் கேக்குது. எனக்கு மனசு ஆவல. நேத்து மாரப்பன் கேசட் கடையில குடுத்து நல்ல பாட்டா ரொப்பிட்டேன்.”

முனாப் கேசட்டைத் திருப்பிப் பார்த்தான். முதுகில் பல் உடைத்த இரண்டு ஓட்டைகளின் மேலும் செலோடேப் ஒட்டியிருந்தது. ஓரம் பிசகாமல் சதுரமாக வெட்டியிருந்தது. தையல்காரர் கை.

“ஓட்ட இருந்தா பதியாதாம். நான்தான் ஒட்டிக் குடுத்தேன்” என்றார்.

“ரெண்டு பக்கமுங்களா அத்தா?”

“ரெண்டு பக்கமும். ஒரு ஓரம் வுடல.”

அவரே அதை வாங்கி உள்ளே போட்டு அமுக்கினார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். புல்லாங்குழல் எழுந்தது. பின்னால் ஒரு ஆண் குரல், அவசரமே இல்லாமல்.

அத்தா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார்.

“கேட்டியா? இன்னிக்கு ஒருத்தன் போடட்டும் இப்பிடி. அந்தப் புள்ள இருந்திருந்தா இந்நேரம் மல்லுக்கு நின்னிருக்கும்.”

சொல்லிவிடலாம். சொன்னால் போனது வராது. அத்தா இனி எந்தப் பாட்டையும் கேட்கமாட்டார், அவ்வளவுதான்.

முனாப் வாயைத் திறந்தான்.

“டீ போடட்டுங்களா அத்தா?” என்றான்.

“பாட்டு முடியட்டும்.”

அந்தப் பாட்டு அவனுக்குத் தெரியும். அத்தா முணுமுணுத்துத் தெரியும். கடைசியாகக் கேட்டது தக்காளி வேனில்.

மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு அவளைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மார்க்கெட்டுக்கு வந்த அந்த வேன்தான் கிடைத்தது. காலிக் கூடைகளுக்கு முன்னால், டிரைவர் பக்கத்து சீட்டில், அவள் அவன் தோளில் சாய்ந்திருந்தாள். போய்ச் சேரும்போது மூச்சு இல்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா அஸ்கரி பேகம் கேட்டார்கள். கடைசி மூச்சில் சொல்ல வேண்டிய கலிமாவைச் சொன்னாள் என்றான். அவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு, வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்கள். அத்தாவும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

வேனில் இந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தொந்தரவாக இருக்குமென்று நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

“நல்லாத்தாங்க இருக்கு. மாமாகிட்ட சொல்லிடாதீங்க.”