கடைசியாகப் போன பதில்

அந்தமானில், லாங் ஐலண்ட் படகு ஜெட்டியின் நுனியில் நசீரா நிற்கிறாள். அவளுடைய ஃபோனுக்குக் கொஞ்சமாவது சிக்னல் கிடைப்பது இங்கேதான். மணி ஐந்து; சூரியன் காட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மெயின்லேண்டில், தமிழ்நாட்டில், இன்னும் வெயில் அடிக்கும். அங்கிருந்து நடக்கிற பொது அறிவு வாட்ஸ்அப் குழுவுக்காகத்தான் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். தினமும் சரியாகத்தான் சொல்கிறாள். ஆனால் அவள் பதில் எல்லோருக்கும் பிறகே போய்ச் சேர்கிறது. 'பார்த்து எழுதுற அக்கா வந்தாச்சு' என்று நேற்று ஒருவர் சிரிப்புப் பொம்மையோடு போட்டிருந்தார். இன்றைய கேள்வி வருகிறது: யானைக்கு நெருங்கிய உறவான கடல் விலங்கு எது? 'கடற்பசு' என்று உடனே தட்டிவிடுகிறாள். பதில் இன்னும் போகவில்லை என்று பக்கத்தில் கடிகாரக் குறி நின்றுவிடுகிறது. கையைத் தூக்கி ஃபோனை வானத்துக்குக் காட்டுகிறாள். துப்பட்டா காற்றில் படபடக்கிறது. பின்னால் மாவு மூட்டையோடு கணவன் சேக் தாவூத். "அரே, ஜவாப் போச்சா இல்லையா? சலோ, கடையில ஆளில்ல." "கொஞ்சம் இருங்களேன்." வருவதெல்லாம் வருகிறது, போவதுதான் போகமாட்டேன் என்கிறது. திமிங்கலம். வால்ரஸ். கடல் சிங்கம். மறுபடியும் திமிங்கலம். இருபத்திரண்டு பேர் சொல்லி முடித்த பிறகு கடிகாரம் மறைந்து, ஒரு டிக் விழுகிறது. சற்று நேரத்தில் குழுவை நடத்துகிறவர் எழுதுகிறார்: 'கடற்பசு. ஒருவர் மட்டுமே சரி.' நசீரா ஃபோனைக் கணவனிடம் நீட்டுகிறாள்.

"இன்னிக்கு நான் யாரப் பார்த்து எழுதினேன்னு கேளுங்க."