செங்கோடனின் கழுத்தளவு

"உண்மையைச் சொல்லுங்க. வேற யார்கிட்ட வைத்தியம் பாக்கறீங்க?"

கவிதா அளவுநாடாவை மேஜையில் எறிந்தாள்.

"யார்கிட்டயும் இல்லீங்க," என்றார் செங்கோடன், கரகரத்த குரலில்.

தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்டு என்கிற கதிர்வீச்சு வைத்தபின் நிணநீர் தேங்கி, தாடையே தெரியாமல் வீங்கிய கழுத்து அவருக்கு. அந்த வீக்கத்துக்கு மசாஜ் பலன் தருமா என்று ஆராயத்தான் இயன்முறை மருத்துவர் கவிதா வாராவாரம் செம்மேட்டுக்கு மலையேறி வருகிறாள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆறு பேருக்கு மசாஜ்; வீட்டில் தினமும் தாங்களே செய்துகொள்ளவும் சொல்லித் தந்திருக்கிறாள். ஆறு பேருக்கு வெறும் கழுத்துப் பயிற்சி. மூன்று மாதம் கழித்துத்தான் அவர்களுக்கு மசாஜ்.

பட்ட பாடு கொஞ்சமா? மிளகு பறிப்பு என்று நாலு பேர் கம்பி நீட்டிவிட்டார்கள். காலையில் வீங்கியிருக்கும் கழுத்து, பஸ் தாமதமாகி மத்தியானம் அவள் வந்து அளப்பதற்குள் பாதி வடிந்துவிடுகிறது. ஒருத்தர் தாடி வளர்த்துக்கொண்டு வந்து நிற்கிறார். ஆய்வு தேறினால்தான் மலையிலேயே இந்தச் சிகிச்சை கிடைக்க வழி பிறக்கும். இந்த லட்சணத்தில், மசாஜே இல்லாத செங்கோடனுக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது.

"நாட்டு மருந்தா? எண்ணெயா?"

"பயிற்சி மட்டுந்தானுங்க."

"பொய் சொன்னா பேரை அடிச்சிடுவேன்."

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார். வெளி பெஞ்சில் காத்திருந்த செல்லமுத்து எழுந்து வந்தார். அவருக்கும் செங்கோடனுக்கும் ஒரே ஊர், மலைமேல் குண்டனி நாடு. மசாஜ் சீட்டு விழுந்தவர்.

"அவரை வையாதீங்க அம்மிணி. நான்தான் தெனமும் வெடியால அவரு ஊட்டுக்குப் போயி நீவி உடறேன். நீங்க சொல்லித் தந்த மாதிரியே, மெதுவா, அக்குள் பக்கமா."

கவிதாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"வேற யாருக்கும் செய்யக்கூடாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே. அத்தனை உழைப்பும் போச்சு. ஏன் செஞ்சீங்க?"

"களி எறங்காம தட்டத் தள்ளி வெச்சாருங்க. எனக்கு எறங்குது, அவருக்கு எறங்கல. பாத்துட்டு எப்படீங்க இருக்கறது?"

"ஆராய்ச்சின்னா அப்படித்தாங்க இருக்கணும்."

செல்லமுத்து குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"எனக்கு மூணாவது வாரமே வடிஞ்சிருச்சுன்னு நீங்கதான அம்மிணி நோட்டுல எழுதுனீங்க. அதுக்கப்பறமும் அவருக்கு நீங்க ஏனுங்க நீவி உடல?"