சொந்தக்காரருக்கு இடமில்லை

"மருந்துச் சோதனையில சொந்தக்காரங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு," என்றாள் அக்கா, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"என் பையன் உன்னைப் பெரியம்மான்னா கூப்பிடறான்? அம்மான்னுல்ல கூப்பிடறான்!"

"விதி விதிதான்."

"உனக்கு நேர்மைதான் முக்கியம். கூடப் பிறந்தவ எல்லாம் அப்புறம்தான்."

தங்கை கதவை ஓங்கிச் சாத்தினாள். ஆராய்ச்சிக்கூடக் கதவு தானாக மெல்ல மூடிக்கொள்ளும் ரகம். சத்தமே வரவில்லை.

அக்கா விஞ்ஞானி. மருந்து கண்டுபிடிப்பவள் அல்ல. மருந்தை உடம்புக்குள் சேர வேண்டிய இடத்தில் கொண்டு சேர்ப்பவள். விஷம் பிடுங்கிய வைரஸ் ஒன்றுக்குள் நல்ல ஜீனை ஏற்றி அனுப்பும் வித்தை. "உங்க அக்கா கூரியர் கம்பெனி வெச்சிருக்காங்க," என்பான் தங்கையின் கணவன். அக்கா இளமை முழுவதையும் அந்தக் கூரியருக்கே கொடுத்துவிட்டாள்.

முதலில் அந்த வைரஸை ஈரலுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். தங்கை மகனுக்குத் தசை நோய் என்று தெரிந்ததும், யாரிடமும் எதுவும் சொல்லாமல் தசைப் பக்கம் திருப்பிவிட்டாள்.

பையன் தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டுமானால் தன் முழங்காலையே பிடித்துப் பிடித்து மேலே ஏற வேண்டும். போன வருடம் வீட்டு மாடிப்படி ஏறினான். இந்த வருடம் படியைப் பார்த்தாலே, "அப்பா, தூக்கு," என்றான். நடை அடியோடு நிற்பதற்குள் ஜீன் உள்ளே போயாக வேண்டும். அப்படியிருக்க, மருந்து தயாராகி, பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் முதல் கட்டமும் வந்த நேரத்தில்தான் இந்த விதி.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்க," என்று சமாதானம் செய்தான் கணவன்.

"அதைச் சொன்னவனுக்குப் பிள்ளையே இருந்திருக்காது," என்றாள் தங்கை.

முதல் கட்டத்தில், அதே நோய் உள்ள தையல்காரம்மாவின் மகளுக்கு இடம் கிடைத்தது. பிசியோதெரபி அறைக்கு வெளியே, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து தங்கைக்குப் பழக்கமானவள் அவள். அக்காவின் விதியைப் பற்றித் தங்கை வயிறெரிந்து சொன்னதெல்லாம் அவளிடம்தான். தையல்காரம்மாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், சங்கடம் ஒரு பக்கம். பையனுக்கு அளவெடுத்து ஒரு நீலச் சட்டை தைத்துக் கொடுத்தாள்.

தங்கை அக்காவோடு பேச்சை நிறுத்தினாள். மற்ற எல்லோரும் அக்காவை மெச்சினார்கள். மெச்சியவர்கள் யாருக்கும் மாடியில் வீடு இல்லை.

ஒரு வருடம் கழித்து அக்காவே போன் செய்தாள். "ரெண்டாவது கட்டம் ஆரம்பிக்குது. பையனைக் கூட்டிட்டு வா."

தங்கை வீராப்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஓடினாள். ரத்தப் பரிசோதனை முடிந்து, 'சேர்த்தாச்சு' என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"அந்த விதி என்னக்கா ஆச்சு?"

"அப்படி ஒரு விதியே கிடையாது," என்றாள் அக்கா.

தங்கை முழித்தாள்.

"முதல் கட்டம், ஆபத்து எதுவும் வருதான்னு பாக்கறதுக்கு. பயந்து பயந்து துளியூண்டுதான் கொடுத்தோம். அந்தத் துளிக்கு யாருக்கும் கால்ல பலம் வராது. முழு அளவு இந்தக் கட்டத்துலதான்."

"இப்ப அவங்களுக்கும் சேர்த்துக் கொடுத்துட்டா?"

"முடியாது. உள்ள வந்த வைரஸை உடம்பு மறக்காது. மறுபடி அனுப்பினா வாசல்லயே அடிச்சு விரட்டிடும். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கேட்டிருப்பியா? பெத்தவங்க எல்லாரையும் உட்கார வெச்சுச் சொன்னோம். பலன் இருக்காது, மறுபடியும் கிடைக்காதுன்னு பச்சையாச் சொன்னோம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டு, 'கையெழுத்து எங்க போடணும்'னாங்க. நீயும் போட்டிருப்ப."

போட்டிருப்பாள்தான். தங்கை அக்காவின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். "வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதக்கா."

"சரி, சரி. கோட்டு நனையுது," என்றாள் அக்கா.

வெளியே பெஞ்சில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள். போன வருடம் நடந்து வந்தவள், இப்போது சக்கர நாற்காலியில்.

"உங்க பையனை எடுத்துட்டாங்களா? ரொம்ப சந்தோஷம்!" தையல்காரம்மா பையனின் நீலச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "கை குட்டையாயிடுச்சே. வேற தைச்சுத் தரேன்."

"இவளுக்கு எப்படி இருக்கு?" என்றாள் தங்கை.

"மருந்து மெதுவாத்தான் பிடிக்கும் போலிருக்கு. உங்க அக்கா கை வெச்சா வீண் போகுமா? சொந்தத் தங்கச்சி மகனை நிறுத்தி வெச்சுட்டு என் மகளை முன்னால விட்டாங்களே, அந்த மனசு யாருக்கு வரும்?"

தங்கை குனிந்து, மகனின் எட்டாத சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிடப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "எங்க அக்காவுக்கு நேர்மைதான் முக்கியம்."